அந்தோணி என்றால் என்ன அர்த்தம்? ஒரு லத்தீன் பெயரின் வேரைத் தேடும் முழு வழிகாட்டி

நண்பர் ஒருவர் மகனுக்கு அந்தோணி என்று பெயர் வைத்தார். தாத்தாவின் பெயர், அதனால் வீட்டில் பெரிய விவாதம் எதுவும் நடக்கவில்லை. ஞானஸ்நான அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் நேரத்தில்தான் சிக்கல். பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் அர்த்தமும் போட வேண்டும் என்றார் அவர் மனைவி. "இளவேனில், கயல்னு வைக்கிறவங்க எல்லாம் போடுறாங்க, நம்ம மட்டும் ஏன் விடணும்?"

இணையத்தில் தேடியிருக்கிறார்கள். ஓரிடத்தில் "விலைமதிப்பற்றவன்", இன்னொரு இடத்தில் "மலர்", மூன்றாவதில் "புகழுக்குரியவன்". எது சரி என்று என்னிடம் கேட்டார்கள். மூன்றும் சரியில்லை. ஏன் இல்லை, சரியானதை எப்படித் தேடுவது என்று அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். அந்தோணியை வைத்துச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் லூசியாவோ மார்ட்டினோ இருந்தாலும் போகிற வழி இதேதான்.

முதலில்: தமிழ் எழுத்தே ஒரு தடயம்

அகராதியைத் திறப்பதற்கு முன்னால், உங்கள் வீட்டில் அந்தப் பெயரை எப்படி எழுதுகிறார்கள் என்று பாருங்கள். அந்தோணி, ஆண்டனி, அன்ரனி மூன்றும் ஒரே பெயர். ஆனால் மூன்றும் வந்த வழி வேறு வேறு.

அந்தோணி போர்த்துக்கீசியர் வழியாக வந்தது. அவர்களுடைய "அந்தோனியு"வில் உள்ள ஒலி பல்லைத் தொடும் ஒலி, நம் "த" மாதிரி. அதைக் கேட்டவர்கள் அப்படியே "ந்தோ" என்று எழுதிவிட்டார்கள். ஆண்டனி ஆங்கிலம் வழியாக வந்தது. ஆங்கிலத்தின் "டி" நுனிநாக்கில் பிறக்கிறது, தமிழ்நாட்டுக் காதுக்கு அது "ட". அதே ஆங்கில ஒலியை யாழ்ப்பாணத்து எழுத்து மரபு "ர", "ற" வரிசையில் பிடிக்கும். டொராண்டோவை ரொறன்ரோ என்று எழுதுகிறவர்கள் அன்ரனி என்று எழுதுவதில் ஆச்சரியம் இல்லை.

ஆக, குடும்பத்தில் யாராவது "அந்தோணி" என்றே எழுதிவந்தால் அந்த வடிவம் போர்த்துக்கீசியர் காலத்து மரபைச் சேர்ந்தது. ஆண்டனியும் அன்ரனியும் ஆங்கிலம் பரவிய பிறகு வந்தவை. (அந்தோனியா, அந்தோணியா என்ற ன-ண சண்டை தனி. கோயில் புத்தகங்களில் பெரும்பாலும் "அந்தோனியார்", ரேஷன் கார்டில் பெரும்பாலும் "அந்தோணி". வேர் தேடுகிறவருக்கு இதனால் ஒன்றும் கெட்டுவிடாது.)

அடுத்து: லத்தீன் வடிவத்துக்குப் போங்கள்

நாம் தேட வேண்டியது அந்தோனியுஸ். லத்தீனில் ஆண்பெயர்கள் பெரும்பாலும் "உஸ்" அல்லது "இயுஸ்" என்று முடியும், பெண்பெயர்கள் "ஆ" அல்லது "இயா" என்று முடியும். பால் பவுலுஸ் ஆகும், மார்ட்டின் மார்த்தினுஸ் ஆகும், லூசி லூக்கியா ஆகும்.

பழைய பங்குக் கோயில் ஒன்றில் லத்தீனில் எழுதிய ஞானஸ்நானப் பதிவேடு கிடைத்தால் வேலை பாதி முடிந்தது. ஆனால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். தமிழில் முருகன், முருகனை, முருகனுக்கு என்று வேற்றுமை ஏறுவதுபோல லத்தீனிலும் பெயர் உருமாறும். "இன்னாருக்கு ஞானஸ்நானம் கொடுத்தேன்" என்று எழுதும்போது பெயர் இரண்டாம் வேற்றுமையில் நிற்கும்: "அந்தோனியும்". முதல்முறை படிக்கிற தமிழருக்கு, கூட இன்னொருவரும் ஞானஸ்நானம் வாங்கினாரோ என்று தோன்றும்! "அந்தோனியி" என்றிருந்தால் அது அந்தோனியின் மகன் அல்லது மகள் என்று சொல்ல வந்த ஆறாம் வேற்றுமை. இரண்டையும் தனித்தனிப் பெயர் என்று எண்ணிக் குறித்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு வேடிக்கை. ரோமாபுரித் தெருவில் ஓர் அந்தோனியுஸைக் கூப்பிட்டால் எப்படிக் கூப்பிடுவார்கள்? விளி வேற்றுமையில் "அந்தோனீ!" என்பார்கள். நம் ஊரில் அம்மா வாசலில் நின்று கூப்பிடுவதும் அதேதான். வந்த வழி வேறு, சேர்ந்த இடம் ஒன்று.

ஒரு பொறி இருக்கிறது, இங்கேயே சொல்லிவிடுகிறேன். பதிவேட்டில் லத்தீன் உடை போட்டிருப்பதெல்லாம் லத்தீன் பெயர் ஆகாது. ஃபிரான்சிஸ்குஸ், லுதொவீக்குஸ் இரண்டும் ஜெர்மானிய வேர். ஸ்தெபானுஸும் பெத்ருஸும் கிரேக்கம். யோசெபுஸ் எபிரேயம். பாதிரியார் எல்லாப் பெயருக்கும் "உஸ்" போட்டுத்தான் எழுதுவார். அந்தப் பெயர் கிறிஸ்தவத்துக்கு முந்தைய ரோமாபுரியில் புழங்கியதா என்று பார்த்தால்தான் தெரியும்.

முக்கியமான படி: ரோமப் பெயரில் அது எந்த இடத்துப் பெயர்?

பெயர் அர்த்தம் தேடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். அர்த்தம் கிடைக்குமா கிடைக்காதா என்பதே இங்கேதான் முடிவாகிறது.

குடியரசுக் காலத்தின் பிற்பகுதியில் வசதியான ரோமர் ஒருவருக்கு மூன்று பெயர் இருக்கும். காயுஸ் யூலியுஸ் கேசரை எடுத்துக்கொள்வோம். "காயுஸ்" என்பது அவருக்கே வைத்த முன்பெயர். "யூலியுஸ்" குலப்பெயர். "கேசர்" அந்தக் குலத்தில் ஒரு கிளையைக் குறிக்கும் பட்டப்பெயர்.

முன்பெயர்கள் மிகக் குறைவு. புழக்கத்தில் இருந்தவை சுமார் 18 மட்டுமே. மார்க்குஸ், லூக்கியுஸ், காயுஸ், தித்துஸ் என்று அதே பெயர்களைத் திரும்பத் திரும்ப வைத்தார்கள். அதனால் முழுதாக எழுதக்கூட மாட்டார்கள். ரோமிலுள்ள பாந்தியன் என்ற பழங்கோயிலின் முகப்பில் இன்றும் பாருங்கள், "எம். அக்ரிப்பா" என்றுதான் இருக்கும், மார்க்குஸ் வெறும் ஓர் எழுத்து. நாம் அப்பா பெயரை இனிஷியலாகச் சுருக்கி நம் பெயரை முழுதாக எழுதுகிறோம். அவர்கள் தன் பெயரை இனிஷியலாக்கிக் குலப்பெயரையோ பட்டப்பெயரையோ முழுதாக எழுதினார்கள்.

பட்டப்பெயர்தான் அர்த்தம் தேடுகிறவருக்குப் புதையல். நம் கிராமத்துப் பட்டப்பெயர்கள் மாதிரியே பச்சையாக இருக்கும். ரூஃபுஸ் என்றால் செம்பட்டை முடிக்காரன். நாஸோ என்றால் மூக்கன், கவிஞர் ஓவிதின் பட்டப்பெயர் அதுதான். ஸ்த்ராபோ மாறுகண்ணன். ரோமப் பேச்சாளர் சிசரோவின் பெயரில் இருப்பது கொண்டைக்கடலை. பவுலுஸ் என்றால் சின்னவன்.

பவுலுஸைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். தமிழ்க் கத்தோலிக்கர்கள் புனித பவுலைச் "சின்னப்பர்" என்றார்கள். அது செல்லப்பெயர் இல்லை, அச்சு அசலான மொழிபெயர்ப்பு. பெயருக்குள் அர்த்தம் இருந்தது, அதைத் தமிழில் எடுத்துவைக்க முடிந்தது. வீரமாமுனிவர் முதலில் வைத்துக்கொண்ட "தைரியநாதர்" என்ற பெயரும் இப்படித்தான். இத்தாலியில் அவர் பெயர் கொன்ஸ்தான்சோ. உறுதியுள்ளவன் என்று பொருள் தரும் லத்தீன் பெயரின் இத்தாலிய வடிவம் அது.

அந்தோனியுஸுக்கு அப்படி ஒரு தமிழ்ப் பெயர் ஏன் வரவில்லை? மொழிபெயர்க்க உள்ளே ஏதாவது இருக்க வேண்டுமே. அது குலப்பெயர். "இயுஸ்" என்ற முடிவே அதைக் காட்டிக்கொடுக்கிறது. குலப்பெயர்களில் சிலவற்றுக்கு வேர் தெரியும். கேட்டோவின் குலமான போர்க்கியுஸில் பன்றி இருக்கிறது, கிளாவுதியுஸில் நொண்டி இருக்கிறது. ஆனால் பல குலப்பெயர்கள் லத்தீன் அகராதிக்குள் அடங்காதவை. இந்தக் குலத்தவன் என்பதைத் தவிர அவற்றில் வேறு செய்தி இல்லை.

பெண்களுக்குத் தனிப்பெயரே பெரும்பாலும் கிடையாது, குலப்பெயரின் பெண்பால்தான். மார்க் அந்தோனிக்கும் ஒக்தாவியாவுக்கும் பிறந்த இரண்டு மகள்களுக்கும் ஒரே பெயர்: அந்தோனியா. பெரிய அந்தோனியா, சின்ன அந்தோனியா என்று பிரித்துச் சொல்வார்கள். சின்னவர்தான் பேரரசர் கிளாவுதியுஸின் தாய்.

பழைய ஆட்களைத் தேடுங்கள்

பெயர் எவ்வளவு பழையது என்று தெரிந்தால்தான் அர்த்தக் கதைகளைச் சோதிக்க முடியும். லூயிஸ்-ஷார்ட் லத்தீன் அகராதி (1879) இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, சிறப்புப் பெயர்களுக்கும் அதில் பதிவு உண்டு. கல்வெட்டுகளுக்குக் கிளவுஸ்-ஸ்லாபி தரவுத்தளம் இருக்கிறது. பெயரின் நடுப்பகுதியை மட்டும் கொடுத்துத் தேடினால் வேற்றுமை ஏறிய வடிவங்களும் வந்துவிடும்.

அந்தோனியுஸ் குலத்தவர் ரோம வரலாற்றில் கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே வருகிறார்கள். அப்புறம் கி.மு. 99இல் கான்சலாக (ரோம ஆட்சியின் உயர்ந்த பதவி) இருந்த பேச்சாளர் மார்க்குஸ் அந்தோனியுஸ். அவர் பேரன்தான் கிளியோபாத்ராவோடு சேர்த்து உலகம் நினைவு வைத்திருக்கும் மார்க் அந்தோனி (கி.மு. 83–30).

இந்தப் பேரனால் பெயருக்கே தண்டனை கிடைத்தது. கி.மு. 31இல் ஆக்தியம் கடற்போரில் தோற்று, மறு ஆண்டு எகிப்தில் தற்கொலை செய்துகொண்டார். செனட் அவர் சிலைகளை இறக்கியது. இனி அந்தோனியுஸ் குலத்தில் யாருக்கும் மார்க்குஸ் என்று பெயர் வைக்கக் கூடாது என்று தீர்மானமும் போட்டது. கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் இதைச் சிசரோவின் வரலாற்றை முடிக்கும் இடத்தில் எழுதுகிறார். காரணம் உண்டு: சிசரோவைக் கொல்ல வைத்தவர் அந்தோனி, இந்தத் தீர்மானம் வந்தபோது கான்சலாக இருந்தவர் சிசரோவின் மகன்.

தடை முன்பெயருக்கு மட்டும்தான். குலப்பெயர் தப்பிப் பரவியது. ரோமக் குடியுரிமை வாங்கிக் கொடுத்தவரின் குலப்பெயரைப் புதுக் குடிமகன் எடுத்துக்கொள்வது வழக்கம். விடுதலையான அடிமையும் எஜமானின் குலப்பெயரை எடுத்துக்கொள்வார். கிழக்கு மாகாணங்களை ஆண்ட மார்க் அந்தோனியால் அந்தப் பக்கம் நிறையப் பேர் அந்தோனியுஸ் ஆனார்கள். எருசலேமில் கோயிலை ஒட்டி ஏரோது கட்டிய அந்தோனியா கோட்டையும் அவர் பெயரில்தான்.

இப்போது அர்த்தங்களைச் சோதிக்கலாம்

"மலர்" என்பதிலிருந்து தொடங்குவோம். கிரேக்கத்தில் "அந்தொஸ்" என்றால் பூ. ஆங்கிலத்தில் இந்தப் பெயரை எழுதும்போது நடுவில் ஓர் "எச்" வருகிறதல்லவா, அதைப் பார்த்து இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். ஆனால் லத்தீன் அந்தோனியுஸில் அந்த "எச்" கிடையாது. கிரேக்கர்களே அந்தோனியின் பெயரைத் தங்கள் மொழியில் எழுதியபோது "தௌ" என்ற எழுத்தைப் போட்டார்கள். பூவுக்கு வருவது "தீட்டா", வேறு எழுத்து, வேறு ஒலி. கிரேக்கருக்கே தோன்றாத பூ நமக்கு எதற்கு? உண்மையில் அந்த "எச்" இங்கிலாந்தில் பிற்காலத்தில் நுழைந்தது, அதுவும் இந்தப் பூக்கதையை நம்பித்தான். முதலில் தப்பான அர்த்தம் வந்தது, பிறகு அதற்கேற்ப எழுத்தைத் திருத்தினார்கள். பிரிட்டனில் பலர் இன்றும் "எச்" எழுதிவிட்டு "ஆண்டனி" என்றே சொல்கிறார்கள். அமெரிக்கர்கள் எழுதியபடியே உச்சரித்துவிடுகிறார்கள்.

இன்னாசிக்கும் இதே கதைதான். எக்னாத்தியுஸ் என்ற பழைய குலப்பெயர், "இக்னிஸ்" என்றால் நெருப்பு என்ற நினைப்பில் இக்னாத்தியுஸாக மாறியது. நம் ஊருக்கு வந்து இன்னாசி ஆனது.

"விலைமதிப்பற்றவன்", "புகழுக்குரியவன்" இரண்டுக்கும் சோதனை எளிது. லத்தீனில் விலை, மதிப்பு, புகழ் ஆகியவற்றுக்கு என்ன சொல் என்று அகராதியில் பாருங்கள்: ப்ரேத்தியும், லௌஸ். இவற்றில் எதிலிருந்தும் அந்தோனியுஸுக்கு வர முடியாது. ஒரு பெயர்ப்பட்டியல் எழுத, அடுத்தது பார்த்து எழுத, இப்போது நூறு இடத்தில் இருக்கிறது. அவ்வளவுதான் அதன் பலம்.

இன்னொரு கதை அந்தோனி குடும்பமே சொல்லிக்கொண்டது. ஹெர்குலிஸுக்கு அந்தோன் என்று ஒரு மகன், அவன் வழி வந்தவர்கள் நாங்கள் என்று. மார்க் அந்தோனி தன் உடற்கட்டாலும் உடுத்தும் விதத்தாலும் இதை நிரூபிக்கப் பார்த்தார் என்கிறார் புளூட்டார்க். ரோமப் பெருங்குடும்பங்கள் எல்லாம் ஒரு தெய்வத்தைப் பிடித்து வைத்திருந்தன. யூலியுஸ் குலத்துக்கு வீனஸ். குலப்பெருமை என்ற அளவில் ரசிக்கலாம், சொற்பிறப்பு இல்லை.

மிஞ்சுவது எத்ருஸ்கன். ரோமுக்கு வடக்கே வாழ்ந்த மக்களின் மொழி, லத்தீனுக்கு உறவில்லாதது. ரோமக் குலப்பெயர்களில் கணிசமானவை அங்கிருந்து வந்தவை, அந்தோனியுஸும் அப்படி இருக்கலாம் என்பதே அறிஞர்கள் பலரின் கணிப்பு. எத்ருஸ்கன் கல்வெட்டை எழுத்துக்கூட்டி வாசித்துவிடலாம், ஏனென்றால் எழுத்து கிரேக்கத்திலிருந்து வந்தது. ஆனால் சொற்களில் பெரும்பகுதிக்குப் பொருள் தெரியாது. எனவே அழைப்பிதழுக்கான நேர்மையான பதில்: அர்த்தம் தெரியாத பழங்குலப் பெயர்.

இதைச் சொன்னதும் நண்பரின் முகம் வாடிவிட்டது. அதனால்தான் அடுத்த படி.

பெயரை யார் சுமந்து வந்தார்கள்?

மார்க் அந்தோனிக்காக யாரும் பிள்ளைக்கு அந்தோணி என்று வைப்பதில்லை. நம்மிடம் அது வந்ததற்கு இரண்டு துறவிகள் காரணம்.

முதல்வர் எகிப்தியர். 251 வாக்கில் பிறந்து 356இல், நூறு வயது தாண்டி இறந்தவர். சொத்தை எல்லாம் கொடுத்துவிட்டுப் பாலைவனத்துக்குப் போனவர். நம் ஊரில் வனத்து அந்தோனியார், திருநாள் ஜனவரி 17. அலெக்ஸாந்திரியாவின் ஆயர் அத்தனாசியுஸ் அவர் வாழ்க்கையை எழுத, அது லத்தீனுக்குப் போய் மேற்கு முழுவதும் பரவியது. 386இல் மிலான் நகரில் அகுஸ்தீன் மனம் மாறிய நாளில் அவர் காதில் விழுந்ததும் இந்த அந்தோனியின் கதைதான்.

இரண்டாமவர் பதுவை அந்தோனியார், கோடி அற்புதர். பிறந்தது 1195இல் லிஸ்பனில், அப்போது அவர் பெயர் பெர்னாண்டோ. கோயிம்பிராவில் துறவியாக இருந்தபோது, மொராக்கோவில் கொல்லப்பட்ட பிரான்சிஸ்கன் சபைச் சகோதரர்களின் உடல்கள் அங்கே கொண்டுவரப்பட்டன. அதைப் பார்த்து 1220இல் அந்தச் சபைக்கே மாறினார். அவர் போய்ச் சேர்ந்த சின்ன மடம் எகிப்து அந்தோனியார் பெயரில் இருந்தது, அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டார். 1231 ஜூன் 13இல் பதுவா நகருக்கு அருகே இறந்தார். ஓர் ஆண்டு முடிவதற்குள், 1232 மே 30இல் புனிதர் பட்டம். அடக்கம் நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. உவரியிலும் கொழும்பு கொச்சிக்கடையிலும் செவ்வாய்க்கிழமைக் கூட்டம் ஏன் என்று கேட்டால் பதில் அங்கே இருக்கிறது.

போர்த்துக்கீசியர் இந்த இருவரையும் பெயரிலேயே பிரித்துவிடுவார்கள். எகிப்தியருக்கு "அந்தௌ", லிஸ்பன்காரருக்கு "அந்தோனியு". நமக்கு வந்த வடிவம் இரண்டாவது. 1535–37இல் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் ஞானஸ்நானம் பெற்றபோது சொந்த ஊர்க்காரரான இந்தப் புனிதரையும் போர்த்துக்கீசியர் கூடவே கொண்டுவந்தார்கள். வேதாளையில் 1549இல் கொல்லப்பட்ட இத்தாலிய இயேசு சபைக் குரு கிரிமினாலியின் முன்பெயரும் அந்தோனியோதான்.

தூத்துக்குடிப் பக்கம் அந்தோணி பெர்னாண்டோ என்று யாரையாவது சந்தித்தால் ஒன்றைச் சொல்லிப் பாருங்கள். பதுவை அந்தோனியாரின் துறவறப் பெயரும் பிறந்த பெயரும் அவரிடம் சேர்ந்தே இருக்கின்றன. பெர்னாண்டோ அந்தக் கடற்கரையில் குடும்பப்பெயராக ஒட்டிக்கொண்டது தனி வழி, ஆனால் சேர்ந்த விதம் அழகு.

வந்த பிறகு நாம் அதைச் சும்மா வைத்திருக்கவில்லை. அந்தோணிசாமி, அந்தோணிமுத்து, அந்தோணிராஜ், மரிய அந்தோணி. பெண்ணுக்கு லத்தீன் "அந்தோனியா" என்றது, நாம் அந்தோணியம்மாள் ஆக்கினோம். இந்த ஒட்டுகளுக்கெல்லாம் அர்த்தம் உண்டு, அகராதி தேவையில்லை.

கடைசியில்: எழுதி வையுங்கள்

தேடியதை நாலு வரியில் அடக்குங்கள். வடிவம், வகை, வேர், சுமந்தவர் என்ற வரிசை போதும். நண்பருக்கு எழுதிக் கொடுத்தது இது:

"அந்தோணி. லத்தீன் அந்தோனியுஸ், போர்த்துக்கீசியம் வழியாகத் தமிழுக்கு வந்தது. பழைய ரோமக் குலப்பெயர். எத்ருஸ்கன் வேராக இருக்கலாம், பொருள் தெரியாது. எகிப்திலும் பதுவாவிலும் வாழ்ந்த இரு புனிதர்களால் பரவியது. எங்கள் வீட்டில் தாத்தாவின் பெயர்."

அழைப்பிதழில் கடைசி வரியை மட்டும் போட்டார்கள். எனக்கு அதில் குறை இல்லை.

போன மாதம் அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சிசிலியா என்று வைக்கப் போகிறார்களாம், இதற்காவது அர்த்தம் இருக்கிறதா என்று கேட்டுச் செய்தி அனுப்பியிருந்தார். இருக்கிறது. கெய்க்கிலியுஸ் என்ற குலப்பெயரின் பெண்பால், வேர்ச்சொல் "கெய்க்குஸ்", லத்தீன் அகராதியிலேயே தெளிவாக இருக்கும் சொல். பொருள்: பார்வையற்ற. பதிலைத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன், இன்னும் அனுப்பவில்லை.